சுவர் எழுப்ப வேண்டிய இடமும் ஹாரனை அடக்க வேண்டிய இடமும்

ராணிப்பேட்டை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கு,



மாவட்ட ஆட்சியர் தலைமையில் நீங்கள் கூடிப் பேசுகிறீர்கள். எந்தத் திருப்பத்தில் விபத்து அதிகம், எந்தச் சந்திப்பில் விளக்கு எரியவில்லை, எங்கே வேகத்தடை போட வேண்டும் என்று ஆராய்கிறீர்கள். அந்தக் கூட்டங்களின் பொருள் நிரலில் சாலையின் சத்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. சத்தத்தைத் தடுக்க நெடுஞ்சாலையோரம் சுவர் கட்டுவது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஹாரனுக்கு அபராதம் போடுவது காவல்துறையின் வேலை. வண்டியைச் சோதித்துத் தகுதிச் சான்று தருவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். சத்தத்தை அளக்கும் கருவியும் ஆளும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உண்டு. அமைதி மண்டலத்துக்குப் பரிந்துரைக்க வேண்டியவர் ஆட்சியர். இத்தனை துறைகளையும் ஒரே மேசைக்கு அழைத்து உட்கார வைக்கக்கூடிய இடம் உங்கள் குழுதான். தனித்தனியாகப் போனால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும்.

ராணிப்பேட்டை சாலைகளை நம்பி வளர்ந்த ஊர். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48, காவேரிப்பாக்கம், வாலாஜாபேட்டை வழியாக வந்து, பாலாற்றைத் தாண்டி, ஆற்காடு, மேல்விஷாரம், ரத்தினகிரி என்று வேலூருக்குப் போகிறது. கர்நூலில் புறப்பட்டுச் சித்தூர் வழியாக வரும் நெடுஞ்சாலை 40 இங்கேதான் வந்து சேர்கிறது. சிப்காட்டுக்கும் பெல் ஆலைக்கும் வரும் டிரெய்லர்கள், தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வரும் உப்புத்தோல் லாரிகள், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைத்த காலணிகளைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் கன்டெய்னர்கள் எல்லாம் இந்தச் சாலைகளில்தான் ஓடுகின்றன. வண்டியே வேண்டாம் என்று சொல்பவர் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை. லாரி ஓடினால்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதிக்கும்.

ஆனால் அந்த உலைக்காக உழைப்பவர்களின் தூக்கத்தையும் அதே சாலை எடுத்துக்கொள்கிறது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கும் தொழிலாளிக்குப் போக்குவரத்து உச்சத்தில் இருக்கும் நேரம்தான் தூங்கும் நேரம். ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழுந்து சமைக்கும் பெண்களுக்கு இரவில் கிடைப்பதே சில மணி நேரம். நள்ளிரவுக்குப் பின் சாலை காலியாகும்போது லாரிகளின் வேகம் கூடுகிறது. ஊர் எல்லையில் வேகத்தைக் குறைப்பதற்காகப் போட்ட வரிவரியான பட்டைகளின் மேல் வெற்று லாரி ஏறி இறங்கும்போது பின்கதவும் சங்கிலியும் மோதி எழுப்பும் ஓசை, சரக்கு ஏற்றிய லாரியின் ஓசையைவிடப் பெரிது. விபத்தைத் தடுக்கப் போட்ட பட்டை வீட்டு வாசலுக்கு நேராக அமைந்துவிட்டால், அந்த வீட்டுக்கு அதுவே தினசரித் தொல்லை.

நெடுஞ்சாலையோரப் பள்ளி ஒன்றில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்கள். லாரி கடக்கும்போது ஆசிரியர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துகிறார். கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். அடுத்த வண்டி வருகிறது, மறுபடி நிறுத்துகிறார். கடைசி வரிசைப் பிள்ளைகள் அவருடைய உதட்டைப் பார்த்தே பாதியை ஊகித்துக்கொள்கிறார்கள். சன்னலைச் சாத்தினால் நம் ஊர் வெயிலில் வகுப்பறை வேகும். திறந்தால் பாடம் காதில் விழாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஒரு சொல்லின் கடைசி எழுத்து கேட்காமல் போவது சிறிய இழப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

சத்தம் ஒரு கேடு என்பதைச் சட்டம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே வரம்பு. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றே சொல்கிறது. தாண்டினால் தூக்கம் கெடுகிறது. நீண்ட காலச் சத்தம் இதய நோயின் அபாயத்தைக் கூட்டுகிறது. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், அமைதியாக வாழ்வது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு தீர்ப்பும் நெருக்கமானது. தோல் தொழிற்கூடங்களின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நாட்டுக்கு உறுதியாகச் சொன்னது நம் வட்டாரத்து வழக்குதான். நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் இன்று அதைப் படிக்கிறார்கள். குரோமியம் கலந்த நீருக்குப் பொருந்திய கொள்கை சாலையின் இரைச்சலுக்கும் பொருந்தும். சாலையை அகலப்படுத்தி, வேகத்தைக் கூட்டி, சுங்கம் வசூலிப்பவர்கள், அதனால் தூக்கமிழக்கும் தெருவுக்குத் தடுப்புச் சுவர் கட்டித் தரும் செலவையும் ஏற்க வேண்டும். சாலைக்கு முன்பே அங்கே குடியிருந்தவர்கள் சொந்தக் காசில் கண்ணாடிச் சன்னல் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சுவர் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் கட்டினால் பணமும் போகும், சத்தமும் இருக்கும்.

டெசிபல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கழித்தல் போன்றதில்லை. சாலையில் வண்டிகள் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். வண்டிகளைக் குறைத்து மட்டுமே 10 டெசிபலைக் குறைக்க வேண்டுமானால், பத்தில் ஒன்பது வண்டிகளை நிறுத்த வேண்டும். அது நடக்காது, நடக்கவும் கூடாது. நன்றாகக் கட்டிய ஒரு சுவர் தன் பின்னால் இருக்கும் வீட்டுக்கு அந்த 10 டெசிபலைக் குறைத்துத் தரும். ஒரு லாரியைக்கூட நிறுத்த வேண்டியதில்லை.

அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வீட்டிலிருந்து பார்த்தால் வண்டி தெரியாத அளவுக்குச் சுவர் உயர வேண்டும். பார்வையை மறைக்கும் உயரம் வந்ததுமே சுமார் 5 டெசிபல் குறையும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை டெசிபல் அளவுக்குக் குறைந்துகொண்டு போகும். மாடியில் இருப்பவருக்குச் சாலை தெரிந்தால் மாடிக்குச் சுவரால் பயன் இல்லை. சுவர் சாலையை ஒட்டி இருக்க வேண்டும், அல்லது கட்டடத்தை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கட்டுவதுதான் மிகக் குறைந்த பலன் தரும். நீளமும் முக்கியம். சுவருக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைப் போல நான்கு மடங்கு, வீட்டுக்கு இரு பக்கமும் சுவர் நீள வேண்டும் என்பது பொறியாளர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. இல்லாவிட்டால் சத்தம் முனைகளைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இடைவெளி கூடாது என்பது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஓர் இடத்தில் உடைந்தால் கரை மொத்தமும் இருந்தும் பயனில்லை, ஒலிச்சுவரும் அப்படித்தான். கடைக்கு ஒரு வழி, பெட்ரோல் பங்குக்கு ஒரு வழி, தெருவுக்கு ஒரு வழி என்று சுவரை வெட்டிவிட்டால், வெட்டிய இடத்தின் எதிரே உள்ள வீடுகளுக்குச் சுவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரையில் நவ்லாக் தோப்பு இருந்த ஊர் இது. மரத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நிழலுக்கும் தூசிக்கும் மரம் வேண்டும். சத்தத்தைத் தடுக்க ஒற்றை வரிசை மரம் போதாது. கண்ணுக்குச் சாலை தெரியாதபடி முப்பது மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு இருந்தால்தான் 5 டெசிபல் குறையும். நம் சாலையோரத்தில் அவ்வளவு நிலம் எங்கே இருக்கிறது? 2015-இன் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை, திட்டச் செலவில் ஒரு சதவீதத்தை மரம் வளர்க்க ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணத்தில் மரம் நடுங்கள். அரளிச் செடி வைத்ததைக் காட்டி ஒலித்தடுப்பு வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

ஒலிச்சுவர் உலகுக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1968-இலேயே நெடுஞ்சாலையோரம் ஒலிச்சுவர் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் 1989-இல் டோமாட்–எம்ஸ் என்ற ஊருக்கு அருகே, நெடுஞ்சாலை ஒலித்தடுப்பின் மேலேயே சூரிய மின்தகடுகளைப் பொருத்தினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை 44-இல், நம் தேசிய நெடுஞ்சாலை ஆணையமே நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒலியையும் ஒளியையும் மறைக்கும் தடுப்புகளை அமைத்திருக்கிறது. விலங்குகள் கடந்து செல்லக் கீழ்ப்பாலங்களும் கட்டியிருக்கிறது. மிகச் சரியான வேலை அது. இந்தச் சுவரைக் கட்டும் அறிவும் அனுபவமும் இதே ஆணையத்திடம் இருக்கிறது என்பதற்கு அது சான்று. வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அதையே கேட்கிறோம்.

நம் மாவட்டத்தில் சுவர் எங்கே பலிக்கும்? முதல் இடம், வேலை நடந்துவரும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை. 262 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை வாலாஜாபேட்டை, அரக்கோணம் பகுதிகள் வழியாகத்தான் காஞ்சிபுரம் பக்கம் போகிறது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் ஏறி இறங்க முடியாத சாலை என்பதால் சுவரில் வெட்டு விழாது. இதுவரை அமைதியாக இருந்த கிராமங்களை அது தொட்டுச் செல்கிறது. சாலை அமைக்கும்போதே சுவரையும் சேர்த்துக் கட்டினால் செலவு குறையும்; பிறகு கட்டினால் அடித்தளம், நிலம், வடிகால் எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டிவரும்.

இரண்டாவது இடம், நெடுஞ்சாலை 48-இல் மேடாகவும் மேம்பாலமாகவும் எழும் பகுதிகள். அங்கே வீடுகள் சாலைமட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. ஓரத்தில் இப்போது இருக்கும் இரும்புத் தடுப்பின் இடுக்குகளில் டயர் ஓசை தடையில்லாமல் இறங்குகிறது. அதே இடத்தில் இடைவெளி இல்லாத கான்கிரீட் கைப்பிடிச் சுவரைச் சற்று உயர்த்திக் கட்டினாலே கீழே இருக்கும் வீடுகளுக்கு வித்தியாசம் தெரியும். மூன்றாவது இடம், மருத்துவமனைகளும் பள்ளி, கல்லூரிகளும். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராணிப்பேட்டை வளாகம் நெடுஞ்சாலையோரத்தில்தான் இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு ஏற்கெனவே சுற்றுச்சுவர் உண்டு. சாலையைப் பார்த்த பக்கத்தை மட்டும் உயர்த்தி, ஓட்டைகளை அடைத்து, வாசலைச் சற்று உள்ளே தள்ளி வளைத்துவிட்டால் சாதாரண ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே போதும். ஒலியைத் தடுக்கும் அளவுக்கு அதற்கு எடை இருக்கிறது.

உங்கள் குழுவுக்கு இதில் நேரடிப் பயனும் உண்டு. நெடுஞ்சாலையில் கண்ட இடத்தில் குறுக்கே ஓடி உயிரிழப்பவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். சுவர் இருக்கும் பகுதியில் மக்கள் சுரங்கப்பாதைக்கோ நடைமேம்பாலத்துக்கோ போய்த்தான் கடப்பார்கள். அதனால் சுவர் எழும் இடத்தில் நடந்து கடக்க வழி பக்கத்திலேயே இருக்க வேண்டும். சந்திப்புகளில் ஓட்டுநரின் பார்வையை மறைக்காதபடி சுவரை முன்கூட்டியே முடிக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

ராணிப்பேட்டை முத்துக்கடைக்கும் ஆற்காட்டுக் கடைவீதிக்கும் சுவர் பொருந்தாது. பத்தடிக்கு ஒரு கடை, ஐம்பதடிக்கு ஒரு தெரு இருக்கும் சாலையில் சுவரைப் பற்றிப் பேசுவதே வீண். அங்கே சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும். ஊருக்குள் மெதுவாகப் போகும் வண்டிகளில் டயர் ஓசை குறைவு. காதைப் பிளப்பது ஹாரன்தான். பல லாரிகளிலும் தனியார் பேருந்துகளிலும் பிரேக்குக்கான காற்றுக் கலத்திலிருந்து ஒரு குழாயைப் பிரித்து, ஏர் ஹாரனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அழுத்தினால் அடுத்த தெரு வரை அதிரும். கூச்சலிடும், அலறும், பல சுரத்தில் ஒலிக்கும் ஹாரன்களை 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளே தடை செய்திருக்கின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலும், தடை செய்த இடத்தில் அடித்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் பொது அவசரநிலை தவிர ஹாரன் அடிக்கவே கூடாது.

லாரி ஓட்டுநர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது என் நோக்கம் இல்லை. எதிர்த்திசையில் வரும் பைக், திடீரென்று குறுக்கே வரும் மாடு, நடுரோட்டில் ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ இவற்றுக்கிடையே பல டன் சரக்கோடு வரும் மனிதருக்கு ஹாரன் ஒன்றே துணை. முன்னால் போகும் வண்டியின் பின்பலகையே ‘சவுண்ட் ஹாரன்’ என்று அவரைக் கேட்டுக்கொள்கிறது. ‘ஹாரன் ஓகே பிளீஸ்’ என்று எழுதுவதை மகாராஷ்டிரம் 2015-இல் தடை செய்தது, நாமும் செய்யலாம். எதிர்த்திசைப் பயணத்தை நீங்கள் தடுத்தால், நிறுத்தங்களை ஒழுங்குபடுத்தினால், ஓட்டுநரின் கை தானாகவே ஹாரனை விட்டு விலகும்.

உங்கள் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, அளவெடுங்கள். நாட்டின் ஒலி கண்காணிப்புப் பிணையம் 2011-இல் தொடங்கியபோது சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களுக்குத்தான் போனது. நம் ஊரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருவியைக் கொண்டுவந்து, நெடுஞ்சாலையோரப் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகிய இடங்களில் 24 மணி நேர அளவெடுத்து, நகராட்சி அறிவிப்புப் பலகையில் தமிழில் வெளியிட வேண்டும். வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் புகார் செய்யும் உரிமை விதிகளிலேயே இருக்கிறது. எண் கையில் இல்லாமல் மக்கள் எதை வைத்துப் புகார் எழுதுவது?

இரண்டாவது, அமைதி மண்டலங்களை முறையாக அறிவிக்கப் பரிந்துரை செய்யுங்கள். 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவிக்காத இடம் அமைதி மண்டலம் ஆகாது. பள்ளி வாசலில் ‘ஒலி எழுப்பாதீர்’ என்ற பலகை மட்டும் இருந்தால் போதாது, அரசாணை வேண்டும்.

மூன்றாவது, விரைவுச்சாலையிலும் நெடுஞ்சாலை விரிவாக்கப் பணிகளிலும் ஊர்களை ஒட்டிய பகுதிகளுக்கு ஒலிச்சுவர் வேண்டும் என்று நெடுஞ்சாலை ஆணையத்துக்குக் குழுவின் தீர்மானமாகவே எழுதுங்கள். சுவர் திட்டச் செலவிலேயே வர வேண்டும்.

நான்காவது, தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வரும் ஒவ்வொரு லாரியிலும் பேருந்திலும் ஏர் ஹாரன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றிய பிறகே சான்று தாருங்கள். சாலையில் பிடிப்பதைவிட இது எளிது, சண்டையும் வராது.

ஐந்தாவது, வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் நேராக இருக்கும் அதிர்வுப் பட்டைகளை ஊருக்குச் சற்று முன்னாலேயே மாற்றிப் போடுங்கள். இரவு வேகத்தைக் கேமரா வைத்துக் கட்டுப்படுத்துங்கள்.

மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் சுவர் எழுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. பெருந்திட்டம் எழுதி நிதிக்குக் காத்திருந்தால் இன்னொரு தலைமுறை அந்த வகுப்பறைகளில் பாதிப் பாடம் கேட்டே வளர்ந்துவிடும். நெடுஞ்சாலையோரம் உள்ள ஓர் அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இப்போதைய சத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் சுவரை எழுப்புங்கள். மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் மக்கள் முன் வையுங்கள். அடுத்த சுவரை எங்கே கட்டுவது என்று அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.



இப்படிக்கு,
நெடுஞ்சாலையோரம் குடியிருக்கும் ராணிப்பேட்டைவாசி